முகூர்த்தத்துக்கு இரண்டு மோட்டார் சைக்கிள்

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் காலையில் நான் யாருக்கும் உதவுகிற நிலையில் இருப்பதில்லை. பிறை ஊர்த் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே சர்க்யூட் பலகைகளைச் சோதித்துவிட்டு வருகிறவளுக்குக் கட்டில் ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். தோழிகளோடு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணியைத் தாண்டி மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன்.

கடலைத் தாண்டித் தீவுக்குப் போகும் பாலத்துக்கு ஏறும் சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. மேலே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதாம். மோட்டார் சைக்கிள்கள் மட்டும் ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்தன. நானும் அந்த வரிசையில் போனேன். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். பட்டு வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகையோடு, கழுத்தில் மாலையோடு, சாலை நடுவில் எம்பி எம்பிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு மாப்பிள்ளை. பக்கத்தில் பூ ஒட்டிய கார். அதன் கதவைப் பிடித்தபடி ஓர் அம்மா.

கடந்து போய்விட்டேன். பொய் சொல்வானேன், முப்பது அடி தள்ளிப் போன பிறகுதான் நிறுத்தினேன். நிறுத்திய பிறகும், 'நமக்கு எதுக்கு?' என்று ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டியை ஓரமாக விட்டுவிட்டு நடந்து திரும்பினேன்.

"தம்பி, எங்க கல்யாணம்?"

"ஜார்ஜ்டவுன்லக்கா, கோயில்ல. பத்தரைக்குள்ள தாலி கட்டணும். பத்து காவான் ஊர்லேருந்து ஏழரைக்கே கிளம்பிட்டோம். வழியில டயர் வேற பஞ்சர். இப்ப இந்த ஜாம்." அவர் மறுபடியும் பாலத்தை எட்டிப் பார்த்தார். "பொண்ணு வீட்டுல எல்லாரும் காத்திருக்காங்க."

மணி ஒன்பது இருபத்தைந்து.

"மோட்டார்ல வர்றீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. மறுகணமே அம்மாவைப் பார்த்தார். "தாலி அம்மாகிட்ட இருக்கு. அம்மா இல்லாம நான் கட்டமாட்டேன்க்கா."

இரண்டு பேர். என்னிடமோ ஒரு வண்டி. தங்கைக்காக வைத்திருக்கும் ஹெல்மெட்டும் ஒன்றுதான், அதுவும் ரோஸ் நிறம். திரும்பி மோட்டார் வரிசையைப் பார்த்தேன். தெரிந்த முகம் ஒன்று வந்தது! எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் தே தாரிக் டீ ஆற்றும் அண்ணன். மூன்று வருடமாக அவரிடம் "ஒரு தே, சீனி கம்மி" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. இரண்டு கைகளையும் விரித்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே! ஒரு மாப்பிள்ளைய கோயிலுக்குக் கொண்டுபோகணும்!"

அவர் பிரேக் போட்டு என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். சீட்டுக்கு அடியிலிருந்து மனைவியின் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். "மீன் பாசாருக்குப் போய்க்கிட்டிருந்தேன். மீன் எங்க ஓடிடப் போவுது? ஏறு தம்பி. வேட்டிய நல்லா சுருட்டிக்க லா, சக்கரத்துல மாட்டிக்கும்."

தலைப்பாகையும் மாலையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயின. காரில் இருந்த மாப்பிள்ளையின் மாமாவிடம் வழி கேட்டுக்கொண்டு, "நீங்க மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அம்மாவை ஏற்றுவதுதான் பெரும் பாடு. "இவன் அப்பா போனப்புறம் நான் மோட்டார்ல ஏறுனதே இல்லம்மா. இருபது வருஷமாச்சு" என்றார். பட்டுப்புடவையோடு ஒருபக்கமாக உட்காரப் பார்த்தார். நான் விடவில்லை. இரண்டு பக்கமும் காலைப் போடச் சொல்லி, என் வேலை ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மடியில் போர்த்திக் கட்டினேன். தாலிப் பெட்டி இருந்த கைப்பையை எனக்கும் தனக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டார். பாலம் முழுக்க அந்தப் பெட்டியின் மூலை என் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

நின்றிருந்த லாரியைத் தாண்டியதும் பாலம் காலியாகத் திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் கடல். காற்று தள்ளியது. அம்மா என் இடுப்பை நெரித்துவிடுவதுபோல் பிடித்திருந்தார்.

"மெதுவா போம்மா... மெதுவா..."

முன்னால் கேண்டீன் அண்ணனின் பின்னால் மாப்பிள்ளை. சுருட்டிய வேட்டி அவிழ்ந்து கொடிபோலப் பறந்தது. அவர் அதை ஒரு கையால் அமுக்க, அது மறுபக்கம் எழும்ப, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் சிரிக்கிறார் என்பது முதுகில் படும் அதிர்விலிருந்தே தெரிந்தது. பாலத்தின் உயரமான இடத்துக்கு வந்தபோது அவர் பிடி தளர்ந்தது.

"எம்மா."

"சொல்லுங்கம்மா, பயமா இருக்கா?"

"இன்னும் கொஞ்சம் வேகமா போலாமா?"

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகினேன். எதிர்த்திசையில் போன ஒரு வேனிலிருந்து யாரோ மாப்பிள்ளையைப் பார்த்து விசில் அடித்தார்கள். அவர் கையசைத்தார். அந்த நேரத்தில் வேட்டி மறுபடியும் கிளம்பியது.

ஜெலுத்தோங் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது பத்து மணி. இரண்டு சிக்னல்களில் சிவப்பு விழுந்தது. இரண்டிலும் நாங்கள் நான்கு பேரும் விளக்கையே முறைத்தோம். கோயில் வாசலில் நின்றபோது பத்து ஐந்து. பெண்ணின் அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிய மாப்பிள்ளையைப் பார்த்ததும் போனில் இருந்தவரிடம், "வந்துட்டாரு! மோட்டார்ல வந்துட்டாரு!" என்று கத்தினார். உள்ளேயிருந்து நாதஸ்வரம் உரக்கக் கிளம்பியது. யாரோ தலைப்பாகையை வாங்கி அவர் தலையில் கோணலாகவே வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் நழுவப் பார்த்தேன். எண்ணெய்க் கறை படிந்த யூனிபார்ம், பாதுகாப்பு பூட்ஸ், ஹெல்மெட் அமுக்கிய தலைமுடி. அம்மா என் கையைப் பிடித்தார். ரோஸ் ஹெல்மெட்டை அவர் இன்னும் கழற்றவில்லை.

"எங்க போற? மாப்பிள்ளை வீட்டுலேருந்து இப்ப வந்திருக்கறது நானும் நீயுந்தான். எம்பக்கத்துல நில்லு."

பூட்ஸைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியபோது என் கை நிறைய அட்சதை. பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்து எனக்கு ஏன் அப்படிக் கண்ணீர் வந்தது? சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட நான் அழவில்லை. அழுதுகொண்டே சிரித்தேன். வாசலில் வண்டிகளுக்குக் காவலாக நின்ற கேண்டீன் அண்ணன், "கட்டியாச்சா?" என்று சைகையில் கேட்டார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் நடுத்தெருவில் ஒரு குதி குதித்தார்!

மாமாவும் மற்றவர்களும் பதினொன்றரைக்குச் சீர்த்தட்டுகளோடு வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அண்ணனும் நானும் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை வந்திருந்தோம். மூன்று வருடத்தில் முதல் முறையாக அவரோடு பேசினேன். அவருக்கு மூன்று பெண்கள், மூத்தவள் நர்ஸ் படிக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. "மனசு லேசா இருக்குல்ல?" என்று கேட்டார். லேசாகவா? எனக்கு ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தும் தூங்கவில்லை. தங்கையிலிருந்து தொடங்கி ஐந்து பேருக்குப் போன் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாணத்தன்று என் நம்பரை வாங்கிக்கொண்ட அந்த அம்மா போனில் அழைத்தார். மகனும் மருமகளும் நலமா என்று கேட்டேன். "அவங்களுக்கு என்ன, நல்லா இருக்காங்க" என்று சட்டென்று முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவாம்மா? பாலிக் புலாவ் ஊர்ப்பக்கம் போய் லக்சா சாப்பிட்டு வரலாமா? மலைப்பாதையாமே, நல்லா வளைஞ்சு வளைஞ்சு போகுமாமே. பையன் கார்ல கூட்டிட்டுப் போறேன்னான். நான்தான் வேணாம்னுட்டேன்."