சுங்கச் சுவருக்கு வெளியே: லா சப்பலின் பழைய மதுக்கடைகளும் ஒரு நிலவறையும்

2013 நவம்பரில் ஒரு சனிக்கிழமை. பாரிஸின் பழைய மதுக்கடைகளைத் தேடி நானும் என் கணவர் சேகரும் கிளம்பியதற்குக் காரணம் குடி இல்லை. (அவர் அரை கிளாஸ் பியருக்கே தூங்கிவிடுவார். நான் காபி கட்சி.) திருச்சியிலிருந்து பாரிஸின் புறநகரான ஆர்ஜொந்தெய்க்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்க மட்டுமே போய்க்கொண்டிருந்தோம். "நீ மளிகை வாங்கும் தெருக்களுக்குத்தான் ஒரு காலத்தில் பாரிஸ்காரர்கள் குடிக்கப் போனார்கள்" என்று அலுவலகத் தோழி சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆர்ஜொந்தெயிலிருந்து சென் லசார் நிலையத்துக்கு ரயிலில் கால் மணி நேரம். அங்கே மெத்ரோ மூன்றாம் தடம் பிடித்து, வில்லியேயில் இரண்டாம் தடத்துக்கு மாற வேண்டும். மெத்ரோவுக்குத் தனிச் சீட்டு அப்போது 1.70 யூரோ. லா சப்பல் நெருங்கும்போது வண்டி தரைக்கு மேலே, இரும்புப் பாலத்தில் ஓடும். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். நீங்கள் போவது பழைய சுங்கச் சுவர் நின்ற கோட்டின் மேல்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸைச் சுற்றி அந்தச் சுவரைக் கட்டினார்கள். எதிரியைத் தடுக்க அல்ல, ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வாங்க. வைனுக்கும் வரி உண்டு. சுவரைத் தாண்டினால் வரி இல்லை. லா சப்பல் அப்போது தனிக் கிராமம். சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக மதுக்கடைகள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமையானால் உழைப்பாளிகள் குடும்பத்தோடு நடந்து வந்து குடித்து, ஆடி, தள்ளாடித் திரும்புவார்கள். 1860இல் கிராமத்தை நகரம் விழுங்கியது, சுவரும் போனது. கடைகள் நிலைத்தன. பிறகு மலைநாட்டு ஓவேர்ஞ்ஞிலிருந்து வந்தவர்கள் ஒரே கடையில் நிலக்கரியும் வைனும் விற்றார்கள். அவர்களுக்குப் பின் அல்ஜீரியர்கள் வந்தார்கள். இப்போது சில கடைகளில் நம்மவர்கள்.

'மிகப் பழையது' என்ற பேச்சை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அன்று நாங்கள் நுழைந்த முதல் இரண்டு கடைக்காரர்களும் தங்களுடையதுதான் மூத்தது என்றார்கள். ஒருவர் ஆதாரமாகக் காட்டிய பழங்காலச் சுவர்க் கண்ணாடியின் பின்பக்கம் பளபளவென்று புது ஆணிகள்.

மூன்றாவது கடை யோகன் அண்ணையுடையது. (பெயரை மாற்றியிருக்கிறேன், கடைப் பெயரையும் கேட்காதீர்கள்.) யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. வடக்குப் புறநகர் கூசேன்விலில் வீடு. விமான நிலையச் சமையலறையில் வேலை பார்த்துவிட்டு, மனைவி வசந்தியோடு சேர்ந்து இந்தக் கடையை எடுத்திருந்தார். ஈய நிறத்தில் தேய்ந்த கவுன்டர். அதற்குப் பின்னால் கீழே இறங்கும் சிறு கதவு.

"நிலக்கரி கொட்டின அறை இப்பவும் கீழ அப்பிடியே கிடக்குது, தங்கச்சி. சுவரெல்லாம் கரி. பாக்கப்போறியளோ?"

கேட்க வேண்டுமா? கேமராவை எடுத்துக்கொண்டேன். வசந்தி அக்கா கண்ணாடிக் குவளைகளைத் துடைத்தபடி, "அண்டைக்குப் பியர் பீப்பா மாத்தினதில இருந்து ஒரு மாதிரிச் சத்தம் கேக்குது. அதையும் ஒருக்காப் பாருங்கோ" என்று அவரிடம் சொன்னார். சேகர் மேலேயே நின்றார். அவருக்கு மூட்டு வலி.

கல் படிகள், குறுகல். அண்ணை முன்னால், நான் பின்னால். கரி படிந்த வளைவுக் கூரை தெரிந்ததும் நின்று ஒரு படம் எடுத்தேன். அப்போது மூக்கில் சுருக்கென்று ஏறியது, சோடாவை அவசரமாகக் குடித்தால் ஏறுமே, அது போல. ஆனால் நான் எதையும் குடிக்கவில்லை. மூச்சு தானாக வேகமாயிற்று. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை.

"அண்ணை, வாங்க, மேல போயிடலாம்."

அவர் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் கடைசிப் படியில் மெதுவாக உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டுப் படிதான். ஒரே ஓட்டமாக இறங்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும் தூரம். இறங்கினால் நானும் அவர் பக்கத்தில் விழுவேன் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி ஏறினேன். அவரை அங்கே விட்டுவிட்டு ஏறினேன்.

"கேஸ்! கீழே கேஸ்! அண்ணை விழுந்துட்டார்!"

வசந்தி அக்கா குவளையைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தார். நான் குறுக்கே விழுந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன்.

"விடு! என்னை விடு! அவர் அங்கை கிடக்கிறார்!"

"இறங்கினா நீங்களும் விழுந்துடுவீங்க, அக்கா!"

"விழுந்தா விழுறன்! விடடி!"

என் கையைப் பிறாண்டினார், தலைமுடியைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. பிடியைத் தளர்த்தச் சொல்லி எனக்குள்ளும் ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் செத்துப்போனால், கடைசி வரை அக்காவைத் தடுத்தவள் நான்தானே?

சேகர் தீயணைப்புப் படையின் பதினெட்டாம் எண்ணுக்குப் போன் செய்து தெருவின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். நடைபாதையில், நிலவறைக்குப் பீப்பா இறக்கும் வழியின் இரும்பு மூடி ஒன்று இருந்தது. குளிருக்காக மூடி வைத்திருந்தார்கள். மூட்டு வலிக்காரர் மண்டியிட்டு அதன் வளையத்தை இழுத்தார். அசையவில்லை. வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். மூடி கிரீச்சிட்டுத் திறந்தது. கீழே வெளிச்சம் விழுந்தது. அண்ணையின் ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை.

பொம்பியே, அதாவது தீயணைப்பு வீரர்கள், வர எவ்வளவு நேரமாயிற்று என்று எனக்குத் தெரியாது. சில நிமிடங்கள் என்றார் சேகர். முகமூடியும் முதுகில் காற்று உருளையுமாக இருவர் இறங்கி, அண்ணையைத் தூக்கி வந்து நடைபாதையில் கிடத்தினார்கள். முகம் சாம்பல் நிறம். ஆக்சிஜன் வைத்தார்கள். வசந்தி அக்கா அவர் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்; அழவில்லை. பிறகு அண்ணை இருமினார். அந்த அசிங்கமான, கரகரத்த இருமலைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

பியரைக் குழாயில் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு உருளையில் கசிவு என்றார் அந்தக் குழுவின் தலைவர். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் குளம் போலத் தேங்கும். மூடி திறந்ததும் படியில் தலை சற்று மேலே இருந்ததும்தான் அவரைக் காப்பாற்றின. ஆம்புலன்ஸில் ஏறும்போது வசந்தி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட போட்டோவுக்குத்தான் அவர் இறங்கினவர்" என்றார். அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது.

அந்த வாக்கியத்தோடு பல வாரம் தூங்கி எழுந்தேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: பிற்பகலில் போங்கள், கூட்டம் குறைவு. கவுன்டரில் நின்று குடித்தால் விலை குறைவு, கதையும் அங்கேதான் கிடைக்கும். கடைக்காரரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பியர் பீப்பா வைத்திருக்கும் நிலவறைக்கு அழைத்தால் முதலில் காற்றோட்டம் உண்டா, வாயு அலாரம் உண்டா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இறங்காதீர்கள். மூக்கில் சுருக்கென்றால் உடனே ஏறுங்கள். யாராவது விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள், 18ஐ அழையுங்கள். இதை எழுதுவது எளிது. அங்கே நின்று செய்வது எளிதல்ல.

ஜனவரியில் மறுபடி போனோம். சேகர் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் வாசலோடு திரும்பியிருப்பேன். வசந்தி அக்கா எங்களைப் பார்த்ததும் இரண்டு காபி போட்டு வைத்தார். சற்று நேரம் கழித்து என் கையைத் திருப்பி, மணிக்கட்டுக்கு மேலே மங்கியிருந்த நகக்கீறலைப் பார்த்தார்.

"அண்டைக்கு வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். நீங்கள் வராட்டியும் அவர் இறங்கித்தான் இருப்பார், அந்தச் சத்தத்தைப் பாக்க. நான்தானே பாக்கச் சொன்னது. ஆனா, தனிய இறங்கியிருப்பார்."

கவுன்டருக்குப் பின்னால் சிறு கதவு திறந்திருந்தது. பக்கத்துச் சுவரில் புது அலாரம், பச்சை விளக்கு. அதை நம்பாதவர் போல வசந்தி அக்கா கதவுப் பக்கம் குனிந்து அண்ணையைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ!"

"ஓம்!" என்றது கீழேயிருந்து ஒரு குரல்.

அவர் காபிக் கோப்பைகளைக் கழுவினார், கையைத் துடைத்தார், மறுபடி குனிந்தார்.

"இஞ்சேருங்கோ!"

"ஓம் எண்டுறன், இருக்கிறன்!"