புற்றுநோய் இல்லை என்றபோது

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்குள் புகுந்த சுனாமி, ஆறு வயது மகள் றிஸ்னாவைக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்த வருடம் எனக்கு வலது விலாவுக்குக் கீழே கடும் வலி வந்தது. பித்தப்பையில் புற்றுநோய் போலத் தெரிகிறது, வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார் டொக்டர். கணவர் அழுதார். எனக்குப் பயமே வரவில்லை. மகளிடம் போகப்போகிறேன் என்று மனம் ஆறியது.

சத்திரசிகிச்சை முடிந்து, பரிசோதனை முடிவும் வந்தது. கணவர் வார்டுக்குள் ஓடிவந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! புற்றுநோய் இல்லியாம் புள்ள. ஆருக்கும் லேசில வராத ஒரு அழற்சியாம். இனிப் பயமில்லையாம்."

நான் விம்மி அழுதேன். சந்தோசம் என்று நினைத்து, அவர் தன் உம்மாவுக்குச் சொல்லப் போனார்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், யுத்தத்தில் மகனை இழந்த வீரமுனைக் கிராமத்து அக்கா ஒருவர். என் மகளின் கதையும் அவருக்குத் தெரியும்.

"மகளுக்கிட்டப் போகலாமெண்டு இருந்தீங்களோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா."

அவர் எழுந்துவந்து என் கையைப் பிடித்தார். "மகள் எப்பிடி இருப்பா? சொல்லுங்க."

நான் அழுவேன் என்று பயந்து, அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொழுது சாயும்வரை சொன்னேன்.

இன்றும் மகளிடம் போக ஆசைதான். ஆனால் அவளைப் பற்றிக் கதைக்க உயிரோடு இருக்கவும் ஆசையாக இருக்கிறது.