சோம்பல் என்று எழுதிய பதினொரு நாட்கள்

“செவ்வாய். காலை 5.50. எண்ணூறு மீட்டர். 3 நிமிடம் 9 விநாடி. சோம்பல்.”

ஜூலை மாதப் பக்கத்தில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. நேரம் சரி. தூரமும் சரி, சைக்கிள் சக்கரச் சுற்றை எண்ணி நானே அளந்தது. கடைசிச் சொல் மட்டும் பொய். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களில் அந்தப் பொய்யைப் பதினொரு முறை எழுதியிருக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி வந்த நேரம், போன நேரம், எடை ஆகியவற்றை எழுதி எழுதி அது கைப்பழக்கமாகிவிட்டது. எங்கள் ஊர் ஆரம்பாக்கத்தில் மழை பெய்த நாள், ரயில் தாமதமான நிமிடம், படித்து முடித்த புத்தகம் எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. மகள் எஸ்தர் பள்ளி ஓட்டக் குழுவில் சேர்ந்ததும் அவளுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். பால் பூத்திலிருந்து பம்ப்செட் வரை நானூறு மீட்டர், போய்த் திரும்பினால் எண்ணூறு. ஸ்டாப்வாட்சுடன் நான் பால் பூத்தில் நிற்பேன்.

ஜனவரியில் 2.44. மார்ச்சில் 2.51. ஜூனில் மூன்று நிமிடத்தைத் தாண்டியது.

“கால் வரமாட்டேங்குது நைனா,” என்றாள் ஒரு நாள், முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி.

“செல்லு நோண்டிக்கினே தூங்குனா கால் எப்டி வரும்? ஆமை கூட உன்ன தாண்டிப் பூடும்.”

பால் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் நோட்டைத் திறந்து எழுதினேன்.

ஆகஸ்டில் பள்ளி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். பி.டி. டீச்சர் எனக்கு போன் செய்துவிட்டு அவரே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நானும் என் மனைவி லதாவும் போய்ச் சேர்ந்தபோது, டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்கம் காகிதம்போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் (இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருள்) 6.8. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

“பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும்மா?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க.”

வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எங்கும் குறிக்கவில்லை. திரும்ப அழைத்தபோது சொன்னார்கள். ஒவ்வொரு மாதமும் ஒன்பது, பத்து நாள் உதிரப்போக்கு. பல மாதங்களாக.

“உனக்குத் தெரியுமா?” என்றேன் லதாவிடம்.

“தெரியும். நைனாகிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினா. சொன்னா நீ ஓட்டத்தையே நிறுத்திடுவன்னு பயந்துக்கினு கெடந்தா. அடுத்த தெரு பொண்ணு வாலிபால் ஆடறத உட்டப்ப நீ இன்னா சொன்ன? வயசுக்கு வந்த பொண்ணுக்கு வலி கிலின்னு வந்தா நிறுத்திட வேண்டியதுதான்னு சொல்லல?”

சொல்லியிருப்பேன். அதற்கு என்னிடம் குறிப்பு இல்லை. மகளிடம் இருந்திருக்கிறது.

எப்போதிலிருந்து சோர்வு என்று டாக்டரம்மா கேட்டார். இந்த இடத்தை எழுதக் கூசுகிறது. அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

அவர் விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். “இதுலயே எல்லாம் இருக்கே சார். ரத்தம் இறங்க இறங்க டைம் ஏறிட்டே போயிருக்கு.” விரல் ஓரிடத்தில் நின்றது. “இது என்ன, சோம்பலா?”

எஸ்தரும் எட்டிப் பார்த்தாள். அதுவரை அவள் அந்த நோட்டைப் படித்ததில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல்லை மட்டும் தேடிப் படித்தாள்.

வெட்கத்தில் அடுத்த தவற்றையும் அங்கேயே செய்தேன். “இனிமே இவ ஓட வேணாம் டாக்டர்.”

“பாத்தியாம்மா? நான் சொன்னேன்ல?” என்று எஸ்தர் லதாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊசி போட்டபோது அழாதவள் அப்போது அழுதாள்.

“ஓட்டமா சார் நோய்? ரத்தம் கொறஞ்சதுதான் நோய்,” என்றார் டாக்டரம்மா. “ரெண்டு மாசம் நடக்கட்டும். ரத்தம் ஏறினதும் கொஞ்சம் கொஞ்சமா ஓடட்டும்.”

இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சிகிச்சையையும் எழுதுகிறேன். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) மிகக் குறைவாக இருந்தது. தைராய்டும் இரத்தம் உறையும் தன்மையும் சரியாக இருந்தன. இரும்பு மாத்திரையை டீயுடன் சாப்பிடக்கூடாது, எலுமிச்சைச் சாற்றுடன் சாப்பிடலாம். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். உதிரப்போக்கைக் குறைக்க அந்த நாட்களுக்கு மட்டும் தனி மாத்திரை கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் 8.4. பத்து வாரத்தில் 11.3. அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையை நிறுத்தக்கூடாதாம்.

இதற்கிடையே மாவட்டப் போட்டி வந்து போய்விட்டது. அவள் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெண் ஓடினாள். எஸ்தர் வீட்டிலேயே இருக்கிறேன் என்றபோது பி.டி. டீச்சர் வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஓடாட்டியும் கிரவுண்டுக்கு வாடி. வந்து ஒக்காரு, கை தட்டு, சண்ட போடு. ஒரு மாசம் வராத பொண்ணுங்க அப்பறம் வர்றதே இல்ல. எத்தன பேர நான் இப்டி வுட்டுட்டேன் தெரியுமா?”

போனாள். வாரம் ஐந்து நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அவளை ஓட்டத்தை விட்டு விலகாமல் பிடித்துவைத்தது அந்த டீச்சர்தான், நான் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: “அந்த நோட்ட மட்டும் எங்கயும் எடுத்தாராத நைனா. போதும்.”

விளையாடும் மகள் மெதுவாகிறாள் என்றால் அவள் குணத்தைச் சந்தேகிக்கும் முன் இரத்தத்தைச் சோதியுங்கள். வலியைச் சொன்னால் விளையாட்டைப் பறித்துவிடுவார்கள் என்று அவள் நினைக்கும் வீட்டில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். இவை எனக்குத் தாமதமாகத் தெரிந்தவை.

இப்போது சமையலறைக் காலண்டரில் அவளே தன் நாட்களை வட்டமிடுகிறாள், நான் பார்க்கும்படி. மாதம் என்பதை நான் சம்பளத் தேதியில் தொடங்கி எண்ணியவன். அதே சுவரில் இன்னொரு மாதம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் மாடி ஏறும்போது என் மூச்சும் கூடவே ஏறுகிறது, மேலே போய்ச் சேரும்வரை இறங்குவதில்லை.

நவம்பரிலிருந்து மறுபடி ஓடுகிறாள், பள்ளி மைதானத்தில். என்னை வரச் சொல்லவில்லை. போன சனிக்கிழமை வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், “மூணு நிமிசத்துக்குள்ள வந்துட்டேம்மா,” என்றாள். என்னிடம் சொல்லவில்லை. யார் நேரம் பார்த்தார்கள், எந்தக் கடிகாரத்தில், மைதானச் சுற்று சரியான அளவுதானா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. இது சரிபார்க்கப்படாத தகவல்.