நாற்பத்தெட்டு நாள் மூச்சு

எங்கள் நைனா வயலிலிருந்து திரும்புவதை அவருடைய இருமல்தான் முதலில் சொல்லும். ஏரிக்கரைத் திருப்பத்தில் 'லொக் லொக்' என்று ஆரம்பித்து, வாசலுக்கு வந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் விசில் அடிக்க நின்று, கொஞ்சம் தணிந்தவுடன் காதிடுக்கிலிருந்து அடுத்த பீடியை எடுப்பார். "சளி கட்டிக்கினு கீது, ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் கரையும்" என்பார். புகையால் வந்த சளிக்குப் புகையே மருந்தாம்!

எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயதிருக்கும். திருப்புலிவனத்துப் பெரியப்பா வற்புறுத்தியதால், நெஞ்சு நோய் தீரவேண்டும் என்று நைனா ஐயப்பனுக்கு மாலை போட்டார். 'சாமி' ஆகிவிட்டால் பீடி கூடாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒன்றைக்கூடத் தொடவில்லை. முதல் வாரம் எல்லார் மீதும் எரிந்து விழுந்தார். பிறகு இருமல் தணிந்தது. எங்கும் உட்காராமல் வயலுக்கு நடந்தார். ஒருநாள் என்னைச் சைக்கிளில் வைத்து உத்திரமேரூர் கடைத்தெரு வரை மிதித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய காலையில் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெரியப்பா புதுக் கட்டைப் பிரித்து ஒரு பீடியை நீட்டினார். "இனிமே இன்னாடா பயம்? சாமிதான் நெஞ்ச சுத்தம் பண்ணிட்டாரே, இழு!" "வாணாம் நைனா" என்று நான் கத்தினேன். "சாமி காரியத்துல வாய வெக்காதடி" என்று அம்மா என் தலையில் குட்டினாள். குட்டிய கையாலேயே தீப்பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். அட கடவுளே, நாற்பத்தெட்டு நாளாகக் கண்ணெதிரே நடந்ததை ஒருத்தராவது யோசித்தார்களா!

பங்குனிக்குள் விசில் திரும்பிவிட்டது. அதன்பின் நான்கு வருடம் நைனா உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். கடைசியில் சோற்றைப் பிசையவும் மூச்சில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

இன்று நைனா இல்லை, பெரியப்பா இல்லை, பீடி விற்ற பெட்டிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. அம்மா மட்டும் போன வருடம் வரை இருந்தாள். பீடிதான் அம்மா, பீடிதான் என்று அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? "நீ சும்மா இருடி. அவரு மாலை போட்டுக்கினு இருந்தப்போ, நான் தீட்டா இருந்த நாள்ல, மறந்துபோய் ஒரு சொம்பு தண்ணி மொண்டு குட்த்துட்டேன். அந்தக் குத்தந்தான் அவர கொண்டுபோய்டுச்சி" என்று சாகும்வரை அழுதாள்.