நீலக் கட்டத்தில் ஓகே யூ

மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முடி வெட்டிக்கொள்ளாமல் எழுந்து போகிறார். காசும் கொடுக்கிறார். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நான் வேலை செய்யும் சலூனில் ஆறு வருடமாக இது நடக்கிறது. பெயர் தொரை. செந்தூல்காரர், வயது ஐம்பத்தெட்டு, ஏர்கோன், அதாவது ஏசி, பழுது பார்ப்பவர். நரைத்த முடியை ரப்பர் போட்டுக் கட்டி முதுகுவரை தொங்கவிட்டிருப்பார். "தம்பி, தாடியச் சரி பண்ணு, தலைய அமுக்கிவிடு, கழுத்த ஒரு முறி முறி. வாலை மட்டும் தொட்டுறாதே லா" என்பார். முதல் தடவை அவரைப் பார்த்தபோது பழனிக்கு நேர்ந்துகொண்டவர் என்று நினைத்தேன். "எந்தச் சாமிக்கு வேண்டுதல் அண்ணே?" என்றேன். "ரோக்" என்றார். "அது எந்தப் பக்கம் இருக்கு? பத்துமலை தாண்டியா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. நம்மூரில் ராக் என்று சொல்கிற சங்கீதத்தை இங்கே ரோக் என்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. ராக் என்று சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

நான் நத்தம் பக்கத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் ஒரு சலூனில் தரை கூட்டி அங்கேயே கத்தரி பிடித்தது, பிறகு பஹ்ரைனில் நாலு வருடம், இப்போது இங்கே. ஒரு ஊரில் மூன்று வருடம் ஆனால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். இங்கே மட்டும் எப்படி ஆறு வருடம் போனது என்று தெரியவில்லை. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை, கடைக்கு மேல் மாடியில் ஏழு பேருக்கு ஒரு அறை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பஹ்ரைனில் பதினொரு பேர். மொழிகளெல்லாம் நான் தலைகளிடமிருந்து கற்றுக்கொண்டவை. ஒரு மனிதனின் தலையைப் பிடித்துக்கொண்டால் அவன் பேசத்தான் செய்வான். காதால் கற்றதால் பேச வரும், படிக்க வராது. இந்தக் குறைதான் இந்தக் கதையில் வேலை செய்தது.

தொரை அண்ணனோடு வருபவர் ஹமிட். மலாய்க்காரர், இவருக்கு நேரெதிராக முழு வழுக்கை. அவருக்கும் என் நாற்காலியில் வேலையில்லை, சும்மா துணைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். இருவரும் செந்தூலில் ஒரே பள்ளிக்கூடம், அதனால் ஹமிட் தமிழ் பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட. என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஆனாலும் என்னை "அனே" என்றுதான் கூப்பிடுவார். அண்ணே என்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த எவனையும் இங்கே மலாய்க்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுகொண்டேன். இளவயதில் ஹமிட்டுக்கு இடுப்புவரை முடி இருந்ததாம். அவர் பாடுவார், தொரை பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து வைத்து டிரம் அடிப்பார். எல்லாம் ஒரே ஒரு பேண்டின் பாட்டுகள். அந்தப் பேண்டின் பெயரை எழுதினால் இங்கே டாக்சிக்காரர்கள் எழுந்து நிற்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தோன்றாது, ஆகவே விட்டுவிடுகிறேன். நாலு பேர், நாலு பேருக்கும் இப்போது பேரன் பேத்தி உண்டு. இந்த இருவரும் நாற்பது வருடமாக அவர்களைக் கேட்கிறார்கள், ஒருமுறைகூடச் சேர்ந்து நேரில் பார்த்ததில்லை. ஒரு தடவை தொரையிடம் காசில்லை. ஒரு தடவை ஹமிட் லோரியோடு ஜொகூரில் மாட்டிக்கொண்டார். ஒரு தடவை இருவரும் போய்ச் சேர்ந்தார்கள், ஒரு நாள் பிந்தி.

இந்த வருடம் அந்த நாலு பேரும் கடைசிக் கச்சேரி என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை கடைசி என்று சொன்னவர்கள்தான், ஆனாலும் இந்த முறை பாடகரின் மூட்டுவலியைப் பார்த்து மக்கள் நம்பினார்கள். டிக்கெட் விலைப்பட்டியலைத் தொரை அண்ணன் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். வர்ணம் வர்ணமாக ஸ்டேடியத்தின் படம், ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு விலை. நான் பார்த்துவிட்டு, "அச்சுப் பிழை அண்ணே" என்றேன். மேடைக்கு முன்னால் நாற்காலியே இல்லாமல் நின்று பார்க்கிற இடத்துக்கு நானூறு வெள்ளி போட்டிருந்தது (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள்). தூரத்தில், உயரத்தில், நாற்காலி போட்ட இடத்துக்கு நூற்றைம்பது. நத்தத்தில் தியேட்டருக்குப் போனவன் நான். திரைக்குப் பக்கத்தில் தரை டிக்கெட், அது மலிவு. பின்னால் போகப் போக விலை ஏறும், கடைசியில் குஷன் வைத்த நாற்காலி. இங்கே எல்லாம் தலைகீழ். போதாக்குறைக்கு அந்த நிற்கிற இடத்தின் பெயர் ஃப்ரீ ஸ்டாண்டிங். ஃப்ரீ என்று எழுதி நானூறு வெள்ளி வாங்குகிறார்கள். நம்மூரில் ஃப்ரீ என்றால் கிரைண்டர் வீட்டுக்கு வரும். "ஃப்ரீன்னா நீ எங்க வேணாலும் நிக்கலாம்னு அர்த்தம் லா" என்றார் தொரை. எங்கே வேண்டுமானாலும் நிற்பதற்கு நான் இதுவரை யாருக்கும் காசு கொடுத்ததில்லை.

பிரச்சினை விலை மட்டுமில்லை. ஹமிட்டுக்குச் சர்க்கரை. இரண்டு வருடத்துக்கு முன் வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். லோரி ஓட்டும் வேலை போனது, இப்போது கிள்ளானில் மனைவியின் நாசி லெமாக் கடையில் அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டுகிறார். கைத்தடியோடு கோமுட்டர் ரயிலில் வருவார். முன்னால் நின்று பார்க்கலாம் என்றால் நாலு மணி நேரம் கூட்டத்தில் நிற்க வேண்டும். மலிவு நாற்காலிக்கு எண்பது படி ஏற வேண்டும். படியில்லாத நாற்காலிகள் அறுநூறு வெள்ளி. மூன்று வாரம் என் கடையில் இதே பேச்சு.

"நீ முன்னால போ மச்சா. நான் யூடியூப்ல பாத்துக்கறேன்" என்பார் ஹமிட்.

"நாப்பது வருசம் யூடியூபுக்காகவா காத்திருந்தோம்? மேல உக்காருவோம், நான் தூக்கிட்டுப் போறேன்."

"உன்னையே ரெண்டு பேர் தூக்கணும். அப்புறம் மேல இருந்து பாத்தா எறும்பு பாடுற மாதிரி இருக்கும். ரோக்கர் உக்காந்து பாக்கமாட்டான்."

"அப்ப நானும் போகல."

"போடா!"

இப்படியே முடியும். ஒரு நாள் ஹமிட் நிஜமாகவே கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்று தொரை அண்ணன் தலையை அமுக்கிவிடக்கூடச் சொல்லவில்லை. அவர் தனியாகப் போகமாட்டார் என்பதும், போகாவிட்டால் ஹமிட் அவரை மன்னிக்கமாட்டார் என்பதும் எனக்கே தெரிந்திருந்தது.

டிக்கெட் விற்பனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, செல்போனில். எத்தனை போன் வரிசையில் நிற்கிறதோ அத்தனை நல்லது என்று தொரை அண்ணன் என் போனிலும் கணக்குத் திறந்துவிட்டிருந்தார். பாஸ்போர்ட் எண் கேட்டது, அதை மட்டும் நான் தூக்கத்திலும் சொல்வேன். கோபமாறி ஹமிட்டும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உள்ள போச்சுன்னா எங்கிட்ட குடு. நீயா எதையும் அமுக்காதே" என்பது எனக்கு உத்தரவு. என் போனுக்கு முன்னால் பதினான்காயிரம் பேர் நிற்பதாகக் காட்டியது. ஒரு சீனக் கிழவருக்கு முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தேன், போன் கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்தது. பாதிச் சவரத்தில் பார்த்தால் வரிசை தீர்ந்து ஸ்டேடியம் படம் வந்துவிட்டது. கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறம், விற்றுப்போனவை. மேடைக்குப் பக்கவாட்டில் ஒரே ஒரு சின்ன நீலக் கட்டம், அதில் மூன்று ஆங்கில எழுத்து: ஓ, கே, யூ. ஓகே, யூ. சரி, நீ வா என்று மிஷினே கூப்பிடுகிறது. இந்த எழுத்துகளை நான் ரயிலில், பார்க்கிங்கில், கழிப்பறையில் பார்த்திருக்கிறேன், சரி நீ உட்காரலாம், சரி நீ நிறுத்தலாம் என்றே பொருள் வைத்திருந்தேன். நுரை விரலோடு அமுக்கினேன். எத்தனை என்று கேட்டது. இரண்டு.

"அண்ணே, கிடைச்சிருச்சு!"

தொரை அண்ணன் என் போனை வாங்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஹமிட் எட்டிப் பார்த்தார். அவர் முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "அக்கு ரோக்கர்! புக்கான் ஓகேயூ!" என்று கத்தினார். நான் ரோக்கர், ஓகேயூ இல்லை. ஓகேயூ என்றால் மலாயில் உடல் ஊனமுற்றோர் என்று அந்தச் சத்தத்திலிருந்துதான் கற்றுக்கொண்டேன். கத்தியோடு அப்படியே திரும்பினேன், சீனக் கிழவர் கத்தியைப் பார்த்துவிட்டு என் கையை மெதுவாகத் தள்ளி வைத்தார். போனில் எட்டு நிமிடம் என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதே நேரம் தொரை அண்ணனின் போனும் உள்ளே போய்விட்டது. நிற்கிற இடத்தில் யாரோ காசு கட்டாமல் விட்ட இரண்டு டிக்கெட்டைப் பிடித்து வைத்திருந்தது, அங்கேயும் எட்டு நிமிடம். இரண்டு கையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு அவர் கடை நடுவில் நின்றார். ஐந்து நிமிடம் என்று காட்டும்போது ஹமிட் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அது எந்தப் பக்கம்? கிட்டார் பக்கமா?"

"டிரம் பக்கம். மேடை பக்கத்துலயே சின்னதா ஒரு மேடை. படி இல்ல. உனக்கு ஒண்ணு, துணைக்கு ஒண்ணு. பாதி விலை. ஆனா ஓகேயூ கார்டு வேணும் லா, உங்கிட்டதான்…"

ஹமிட் பர்ஸை எடுத்தார். லைசென்ஸுக்குப் பின்னால், மனைவி படத்துக்கும் பின்னால் இருந்து ஒரு அட்டையை உருவினார்.

"எப்ப எடுத்தே?"

"ரெண்டு வருசம்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல!"

"நீ சிரிப்பே லா."

"சிரிக்காம? உனக்கு முடி கொட்டினப்பவும் சிரிச்சேன். நானா விட்டுட்டுப் போனேன்?"

தொரை அண்ணன் தன்னுடைய போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தார். நாற்பது வருடமாக ஆசைப்பட்ட அந்த இடம் கவிழ்ந்த போனுக்குள்ளேயே காலாவதியானது. என் போனில் காசு கட்டினார். சீனக் கிழவர் அரை முகத்து நுரையோடு கை தட்டினார்.

அதோடு முடியவில்லை. டிக்கெட் என் பெயரில் இருந்ததால், கையில் கட்டும் நுழைவு வளையம் வாங்க அசல் பாஸ்போர்ட்டோடு நானே போக வேண்டுமாம். என் பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருக்கிறது, இங்கே பல கடைகளில் அதுதான் வழக்கம். கேட்டபோது, "எங்கடா ஓடப்போறே?" என்றார். ரோக் கச்சேரிக்கு என்றேன். என் காலைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், சாயங்காலம் ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று எடுத்துக்கொடுத்தார். மூன்று பேருமாகப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் என்னையும் பாஸ்போர்ட் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, "அங்கிள், யாரு ஓகேயூ?" என்று மலாயில் கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் ஹமிட் கையை நீட்டினார். "நான்தான்" என்றார், பாட்டு ஆரம்பிக்கிற தொண்டையில். இன்னொரு வளையம் தொரை அண்ணன் கையில் ஏறியது.

கச்சேரி சனிக்கிழமை. சனிக்கிழமை எங்கள் கடையில் கூட்டம், நான் போகவில்லை, டிக்கெட்டும் இல்லை. இரவு ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்பு முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஹமிட்டின் வீடியோ அழைப்பு வந்தது. ஒரே வெளிச்சம், ஒரே இரைச்சல். பிறகு ஒரு வழுக்கை, ஒரு பறக்கும் நரைமுடி. ஹமிட் உட்காரவில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கை தொரை அண்ணனின் தோளில். இருவரும் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார்கள், பிறகு போனை மேடைப்பக்கம் திருப்பிவிட்டு என்னை மறந்துபோனார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு. அங்கே ஆறே கால், என் மகள் ட்யூஷன் முடிந்து வந்து கூப்பிடும் நேரம். இதை வெட்டவா அதை வெட்டவா என்று போன் கேட்டது. இரண்டு அழைப்பை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று அவள்தான் ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தாள். சேர்த்தேன். திரை இரண்டாகப் பிரிந்தது, மேலே மேடை, கீழே எங்கள் சமையலறை. "என்னங்க, அங்க என்ன கலவரமா?" என்றாள் மனைவி. "கச்சேரி" என்று கத்தினேன். அவள் போனை நீர்ப்பானை மேல் சாய்த்து வைத்துவிட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டினாள் போல.

அப்போதுதான் அது நடந்தது. ஸ்டேடியத்திலிருந்து டிரம் சத்தம் என் போனுக்கு வந்தது. அதுவே நத்தத்தில் எங்கள் சமையலறைக்கும் போய், சுவரில் மோதி, அந்தப் போன் வழியாக அரை நொடி தாமதித்து மறுபடி என்னிடம் வந்தது. ஒவ்வொரு அடியும் எனக்கு இரண்டு முறை விழுந்தது, ஒன்று இங்கிருந்து, ஒன்று வீட்டுக்குப் போய்த் திரும்பி. நாலு பேர் தலைமுடிக்கு நடுவில் துடைப்பத்தோடு நின்று, எந்த அடிக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவில் ஆட்டிக்கொண்டிருந்தேன்.