பிரேமலதாவும் முந்நூறு ரூபாய்த் தவணையும்

எங்கள் வீட்டுக்கும் பிரேமலதாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரை போகாத சுவர். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்முவோம். அப்படி ஒட்டிக் கிடக்கிற லயத்து வரிசை வீடுகளில் அவள் என்னோடு பேசிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. நீ போய்ப் பேசினாயா என்று கேட்காதீர்கள், எனக்கும் ரோஷம் உண்டு. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல இந்தத் தோட்டத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

அவள் பிறந்தது புளத்கொகுபிட்டியப் பக்கம், ரப்பர் தோட்டத்தில். சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தமிழ்ப் பெண் பேசுகிறாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படிச் சிங்களம் பேசுவாள். வேலுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு றக்வானவுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தாள். வேலுசாமி கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான், அத்தோடு சரி.

வந்த முதல் மாதமே வாயைக் காட்டிவிட்டாள். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு கிலோவைக் கழிப்பது இங்கே வழக்கம். எல்லாப் பெண்களும் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். இவள் மட்டும் கொழுந்தைப் படங்கு விரிப்பில் கொட்டிவிட்டு வெறும் கூடையைத் தராசில் மாட்டி, "எங்கங்க ரெண்டு கிலோ? காட்டுங்க பாப்போம்" என்று கணக்கப்பிள்ளையிடம் நின்றாள். அன்றைக்கு முழு நிறையும் எழுதினார்கள். மறுநாளிலிருந்து அவளுக்குச் செங்குத்தான மலையாகப் பார்த்துப் பறிக்க நிரை கொடுத்தார்கள். அதற்கும் அவள் அசையவில்லை. திமிர் பிடித்தவள் என்று நான் அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அந்த நாட்களில்தான் அரசாங்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. துணி சும்மா வந்தாலும் தைப்பவன் சும்மா தைப்பானா? டவுன் தையற்காரன் கூலியைக் கூட்டிவிட்டான். லயத்து வாசல்களில் அந்த வெள்ளைத் துணி மடித்தபடி கிடப்பதைப் பிரேமலதா பார்த்தாள். மலையேறிப் பறித்தது போதும், இனி உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று அவளுக்குப் பட்டது. தொண்ணூற்று நாலில் பெல்மதுளையில் ஒரு கடையில் தவணைக்குத் தையல் மெஷின் பார்த்துவிட்டு வந்தாள். முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு, மாதம் முந்நூறு, முப்பது மாதம். பிணைக்கு, தோட்டத்தில் நிரந்தரச் சம்பளம் வாங்கும் ஓர் ஆண் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரில் வேலை செய்பவன். "அண்ணே, ஒங்கள விட்டா எனக்கு யாருங்க இருக்கா?" என்று வந்து நின்றாள். என் மகள் சசிக்குக் காலமெல்லாம் சும்மா தைத்துத் தருவதாகச் சொன்னாள். என் மனைவியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். போட்டேன். கொஞ்சம் பெருமையோடுதான் போட்டேன், பொய் சொல்வானேன்?

தவணைப் பணத்தை அவள் கையால் கட்டவில்லை. எங்கள் சம்பளத்தில் எல்லாமே வெட்டித்தான் வரும். சங்கத்துக்குச் சந்தா, கோயிலுக்கு, சலவைக்கு, சாவு வீட்டுக்கு, எல்லாம் வெட்டியது போக மிச்சம்தான் கைக்கு வரும். கடைக்காரர்களும் தோட்டத்து ஒப்பீசோடு பேசி வைத்திருந்தார்கள். மாதம் முந்நூறைச் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்திலேயே வெட்டிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரேமலதா பகலில் பறித்தாள், வந்து தைத்தாள். பெடல் சத்தம் சுவரைத் தாண்டி வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தொண்ணூற்று ஐந்தில் தோட்டம் கைமாறியது. புதுக் கம்பெனி, புதுத் தொரை. வெளிக் கடைகளுக்கு இனி சம்பளத்தில் வெட்டக்கூடாது என்று உத்தரவு. அதை இங்கிலீஷில் டைப் அடித்து ஒப்பீஸ் பலகையில் ஒட்டினார்கள். அந்தப் பலகையை நாங்கள் எந்தக் காலத்தில் படித்தோம்? பெரிய கிளாக்கர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதே மாதம் தீபாவளி அட்வான்ஸ் வெட்டத் தொடங்கினார்கள். ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார்கள், மாதம் முந்நூறாக ஐந்து மாதம் பிடிப்பார்கள். மெஷினுக்கு வெட்டிய முந்நூறு நின்றுபோன இடத்தில் அட்வான்ஸ் முந்நூறு வந்து உட்கார்ந்துகொண்டது. கைக்கு வந்த சம்பளம் முன்மாதிரியே இருந்தது. சம்பளத் துண்டில் இங்கிலீஷில் ஒரு வரி மாறியிருந்தது, அவ்வளவுதான். அட்வான்ஸைப் பொங்கலுக்குப் பிறகுதான் பிடிப்பார்கள் போல என்று பிரேமலதா நினைத்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கடையிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்ததாம். தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஒப்பீசுக்குத்தான் போகும், அது அங்கேயே ஏதோ ஒரு மேசை லாச்சியில் கிடந்தது. பிணைக்காரன் கடிதம் மட்டும் ஜனவரி மூன்றாம் வாரம் என் கைக்கு வந்தது. பெக்டரியில் அத்தனை பேருக்கும் முன்னால் கிளாக்கர் அதை நீட்டி, "என்ன முத்துவீரன், கோட்டுக்குப் போகப் போறியாமே?" என்று சிரித்தார். சிங்களக் கடிதத்தை ரோலரில் நின்ற ஒருவன் வாசித்துச் சொன்னான். மூன்று மாதத் தவணை பாக்கி. கட்டாவிட்டால் பிணைக்காரன் மீது வழக்கு.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. வேலை முடிந்ததும் நேரே அவள் வாசலுக்குப் போனேன்.

"ஏம்மா, ஏமாத்துறதுக்கு நாந்தான் கெடச்சனா?"

"என்னாண்ணே கத்துறீங்க? மாசா மாசம் எஞ் சம்பளத்துல வெட்டுறாங்க. நா என்னா ஓடியா போய்ட்டேன்?" என்று உள்ளே போய் மூன்று மாதத் துண்டையும் கொண்டு வந்து என் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள். முந்நூறு, முந்நூறு, முந்நூறு. எண் தெரிந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அப்ப கடைக்காரன் பொய் சொல்றானா?"

"அத அவன்கிட்ட போயி கேளுங்க. என் வாசல்ல வந்து நிக்காதீங்க."

இவளுக்காகக் கையெழுத்துப் போட்ட என்னை வாசலில் நிற்காதே என்கிறாள். மறுநாள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து பெல்மதுளைக்குப் போனேன். தவணை வசூலிக்கும் மஷூர் என்பவர் பைலை எடுத்து வைத்தார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா.

"நான் செல்றதக் கேளுங்க அண்ணன். மூணு மாசமா ஒரு சதமும் வரல்ல. மேலால என்னையப் புடிச்சிக் கேக்கிறாங்க. அவவுட்ட மெஷின் ஈக்கிது, எங்கள்ட்ட ஒங்கட கையெழுத்து ஈக்கிது. ரெண்டுல ஒன்ட நாங்க எடுக்கத்தான் வேணும்."

"நா என்னங்க செய்யணும்?"

"ஒங்கட தோட்டத்துல லயமெல்லாம் ஒரே மாதிரி. வீட்டக் காட்டுங்க, போதும். மெஷின் வந்திட்டா ஒங்கட பேர வெட்டிடுறேன்."

சரி என்றேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. அவள் என் மூஞ்சிக்கு நேரே துண்டை நீட்டிய கோபம் அப்படியே இருந்தது. படட்டும் என்றுதான் நினைத்தேன்.

நான் பெல்மதுளையில் இருந்த அதே நாள் அவள் ஒப்பீசுக்குப் போய்க் கிளாக்கரின் மேசை மேல் துண்டை வைத்து, வாசித்துச் சொல்லாமல் நகரமாட்டேன் என்று நின்றிருக்கிறாள். வாசித்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கத்தவில்லையாம். நேரே றக்வானவுக்கு இறங்கிக் காதுத் தோட்டை அடகு வைத்திருக்கிறாள். எங்களுக்குள் பேச்சு இல்லாததால் எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் காலை அவள் முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் போனதை மட்டும் பார்த்தேன். போகும்போது வழக்கம்போல வீட்டுச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எத்தனை சண்டையென்றாலும் லயத்தில் சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கும்.

வீட்டைக் காட்ட நான் அன்றைக்கும் வேலைக்குப் போகாமல் நின்றேன். பத்து மணிக்கு லொறி வந்தது. மஷூரும் இன்னும் இரண்டு பேரும். என் மனைவி கொழுந்துக்குப் போயிருந்தாள். சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. நான்தான் எடுத்துக் கதவைத் திறந்தேன். மெஷினில் ஒரு வெள்ளைச் சட்டை பாதி தைத்தபடி ஊசியில் மாட்டியிருந்தது. அதை மஷூர் இழுத்துக் கீழே போட்டார். முப்பத்தொரு பிள்ளைகளின் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெப்ரவரி நாலாந் தேதி கொடியேற்றத்துக்கு எல்லோரும் புதுச் சீருடையில் வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள், இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இரும்புக் கால் கனமாக இருந்ததால் நானும் ஒரு பக்கம் பிடித்து லொறியில் ஏற்றிவிட்டேன்.

பின்னேரம் அவள் வந்தாள். கையில் பெல்மதுளைக் கடை ரசீது. மூன்று மாதத் தவணையும் தாமதக் கட்டணமும் சேர்த்து அன்று காலை எட்டே முக்காலுக்குக் கட்டியிருக்கிறாள். பணம் வாங்கிய பெண்ணுக்கு லொறி புறப்பட்டது தெரியாது, லொறியில் வந்தவர்களுக்குப் பணம் கட்டியது தெரியாது. பிரேமலதா திறந்து கிடந்த வீட்டைப் பார்த்தாள். தரையில் கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். அப்புறம் எங்கள் வாசலுக்கு வந்து, என் மனைவியிடம் கை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கக்கா."

என் மனைவி அழுதுகொண்டே கொடுத்தாள். பிரேமலதா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி மனது ஆறியிருப்பேன்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். பணம் வந்துவிட்டது சரிதான், ஆனால் லொறிக் கூலியும் மெஷினைக் கைப்பற்றிய செலவுமாக ஆயிரத்து இருநூறு கட்டினால்தான் தருவோம் என்றார்கள். அவள் ஒரு சதமும் தரமாட்டேன் என்றாள். அதற்கு மறுநாள் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊசி நூலை எடுத்துக் கையாலேயே சீருடை தைக்கத் தொடங்கினாள். பெல்மதுளைச் சந்தியில் அந்தக் கடையைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. உள்ளே போகிற ஆட்கள் என்ன விஷயம் என்று கேட்பார்கள். "சல்லி கெவ்வா, மெஷின் எக துன்னே நே" என்று நல்ல சிங்களத்தில் சொல்லி ரசீதைக் காட்டுவாள். பணம் கட்டியும் மெஷினைத் தரவில்லை என்றால் எவன் அந்தக் கடையில் தவணைக்குச் சாமான் எடுப்பான்? படியிலிருந்தே திரும்பிப் போனார்கள். பொலிசைக் கூப்பிடுவோம் என்றதற்கு, கூப்பிடுங்கள், அவர்களுக்கும் ரசீது வாசிக்கத் தெரியும் என்றாளாம். இதையெல்லாம் பஸ் கண்டக்டர் வந்து சொன்னான்.

மூன்றாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சங்கத் தலைவரிடம் ஆயிரத்து இருநூறு கடன் வாங்கிக்கொண்டு பெல்மதுளைக்குப் போனேன். அவள் படியில் குனிந்தபடி ஒரு கவுன் கழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். யாருடைய துணி என்று தெரிவதற்காக ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதி வைப்பது அவள் வழக்கம். சசி என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போல இருந்தது. அவள் நிமிரவில்லை.

உள்ளே போய் மஷூரிடம் பணத்தை நீட்டினேன்.

"வெச்சிக்கங்க அண்ணன்" என்றார். அவர் முகமும் செத்துக் கிடந்தது. "எப்பிடியாவது அவவ எழுப்பி அனுப்பச் செல்லி மெனேஜர் என்னைய ஏசுறாரு. ஒரு செலவும் வேணாம், மெஷின் இப்பவே போகுது. பணம் கட்டினத்த எனக்கு யாரும் செல்லல்ல. ஒங்களுக்காவது தெரிஞ்சி ஈக்க வேணாமா?"

தெரிந்திருக்கத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன்தானே.

அன்று பின்னேர பஸ்ஸின் கூரையில் மெஷின் வந்தது. நானும் அதே பஸ்ஸில் பின் சீட்டில் வந்தேன். பாதையிலிருந்து லயத்துக்கு இறங்கும் படிக்கட்டில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஸ்டாண்டைத் தூக்கினார்கள். மெஷின் தலையை அவளே துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டு வாசற்படி உயரம். தூக்கி வந்தவர்கள் மூச்சு வாங்கி ஸ்டாண்டை முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். லயம் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. நான் போய் இரும்புக் காலில் ஒரு பக்கம் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, தூக்கிக் கொடுக்கத்தான் வரும்.

பிரேமலதா மெஷின் தலையை உள்ளே வைத்துவிட்டு வந்து, சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"கைய எடுங்கண்ணே. இது வெளிய போற சாமான் இல்ல, உள்ள வர்ற சாமான்."

நான் கையை எடுத்துவிட்டேன்.