வெளிச்சத்துக்குக் காத்திருந்த வெள்ளைக்காரர்

காலையில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. ஹங்கேரி நாட்டு ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு, ஆயுசு முழுக்க உழைத்ததற்காக ஏதோ பெரிய விருதாம். பக்கத்தில் கோட்டுப் போட்டு நிற்கிறான் நம் கம்பைநல்லூர் செல்வம். சொல்லவே கூசுகிறது, எனக்கு வயிறு எரிந்தது.

நானும் செல்வமும் காரிமங்கலத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள். கேமரா என்னுடையது. அவன் லைட் பிடிப்பான், முகூர்த்தம் முடிவதற்குள் நாலு வார்த்தை பேசினால் அதிகம். பேச்செல்லாம் என் பொறுப்பு. "பொண்ணு, இங்க பாருங்க! மாமா, பாயாசம் கெடைக்காத மாதிரி நிக்காதீங்க, சிரிங்க!" என்று நான் கத்தினால்தான் மண்டபமே திரும்பும். அந்த வாய்க்காகவே என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் அந்த ஹங்கேரிக்காரர் ஒகேனக்கல்லுக்குப் படம் பிடிக்க வந்தார். உள்ளூர் உதவிக்கு எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டார். முடிந்ததும் ஒருவரைத் தன்னோடு கூட்டிப்போவதாகப் பேச்சு. நான்தான் என்று நினைத்து பாஸ்போர்ட்டுக்கே எழுதிப் போட்டுவிட்டேன்.

மீன் வறுக்கிற வாசனை மூக்கைத் துளைக்க, மூன்று நாள் பாறையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். மனுஷன் வெளிச்சத்துக்குக் காத்திருந்தார். எங்கள் தொழிலில் சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் மேகம் விலகியது. சாரலில் வெயில் விழ, பரிசல்காரர் மாதப்பன் துடுப்போடு குனிந்திருந்தார். கேமரா ஓடியது. என் வாய் சும்மா இருந்ததா? "மாதப்பண்ணே, இங்க பாருங்க! சிரிங்க!"

பாவம், தன் மூன்று பெண்கள் கல்யாணத்திலும் என் அதட்டலுக்குப் பழகியவர். துடுப்பை வைத்துவிட்டு, நேராகப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அதற்குள் வெயில் போய்விட்டது.

ஹங்கேரிக்காரர் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கிளம்பும்போது வண்டியில் செல்வத்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்.

பிறகு அவர் எடுத்த படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். பனி, ரயில் நிலையம், ஜன்னலோரம் ரொட்டி தின்னும் கிழவிகள். ஒவ்வொன்றிலும் கேமராவுக்குப் பின்னால் செல்வம் எங்கே நின்றிருப்பான் என்று கணக்குப் போட்டு, அங்கே என்னை நிறுத்திப் பார்ப்பேன். படத்தின் கதை ஒன்றும் நினைவில்லை.

இன்று மனசைத் தேற்றிக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன். "பெருசு எப்படிடா இருக்காரு?"

"கண்ணு போயிருச்சுடா அவருக்கு. ஆனாலும் வூட்ல இருக்க மாட்டேங்குறாரு, ஷூட்டிங் வந்துடறாரு. வெயில் எங்கிருந்து வருது, மூஞ்சி மேல எப்படி உழுது, எல்லாம் நாந்தான் காதுகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கறேன். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு."

மூன்று நாள் காத்திருந்த அந்தக் கண் இனி இல்லை. அதற்காக ஒரு நிமிடம் வருத்தப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அதன்பிறகு டீ குடிக்கப் பிடிக்கவில்லை. அந்தக் காதுகிட்ட இருக்கவேண்டிய வாய் என்னுடையது.